முதுகில் ஸ்குரூ, கையில் ரிப்போர்ட்

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குப் போகிற சாலையில் பாலாறு வருகிறது. ஆற்றுக்கு இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகம். இந்தப் பக்கத்து மனிதர் ஒருவருக்கு முதுகுத்தண்டில் ஸ்குரூ போட்டு எலும்பைச் சேர்க்கும் அறுவை தேவைப்பட்டால் ஊருக்குள் வழியில்லை. சேலத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டும். இல்லையென்றால் கொள்ளேகால் வழியாக நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்து மைசூருக்குப் போக வேண்டும். அறுவை ஓர் ஊரில் முடியும். மூன்றாம் மாத எக்ஸ்ரேயைப் பக்கத்து ஊரில் எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஒரு வருடம் கழித்து வலி திரும்பினால் எம்.ஆர்.ஐ. இன்னோர் ஊரில் எடுக்கப்படும். அந்த ரிப்போர்ட்டை எழுதுகிறவர் முந்தைய படம் எதையும் பார்த்திருக்க மாட்டார். நோயாளியின் கையில் சேருவது ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். அதில் கண்ணில் படுகிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, ‘ஆபரேஷன் பெயிலியர்’ என்று வீடே முடிவுகட்டிவிடும். அல்லது ‘எல்லாம் நார்மல்’ என்று நிம்மதியடையும். இரண்டுமே அவசரம். முதுகெலும்பு இணைப்பு அறுவைக்குப் பின் எடுக்கும் எந்தப் படமும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. முந்தைய படங்களோடு வரிசையில் வைத்து, உடம்பு சொல்வதோடு ஒட்டிப் படித்தால்தான் அதற்குப் பொருள் வரும்.

இதைப் புரிந்துகொள்ள, அந்த அறுவை என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்குரூவும் கம்பியும்தான் முதுகைத் தாங்குகின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1911-இல் நியூயார்க்கில் ரசல் ஹிப்ஸும் ஃப்ரெட் ஆல்பீயும் தனித்தனியே இந்த அறுவையை வெளியிட்டபோது ஸ்குரூவே கிடையாது. காசநோய் அரித்த முதுகெலும்புகள் மேலும் சரிந்து கூன் விழாமலிருக்க, பக்கத்துப் பக்கத்து எலும்புகளை ஒன்றாக வளரவைத்தார்கள். இன்றும் நோக்கம் அதுதான். அசையக் கூடாத இரண்டு எலும்புகளுக்கு நடுவே எலும்புத் துகளை வைக்கிறார்கள். அது உயிர் பிடித்து வளர்ந்து, இரண்டையும் ஒரே எலும்பாக்க வேண்டும். நம் ஊர் வழக்கில் சொன்னால் எலும்பு ‘கூட’ வேண்டும். கான்கிரீட் இறுகும் வரை சென்ட்ரிங் தாங்குவதுபோல், அந்த எலும்பு கூடும் வரை தாங்குவதுதான் ஸ்குரூவின் வேலை. வேலை முடிந்த பிறகும் அதைப் பெரும்பாலும் கழற்றுவதில்லை, அவ்வளவுதான். எலும்பு கூடாமலே போனால், அசைவின் முழுச் சுமையும் உலோகத்தின் மேல் விழும். வளைந்து வளைந்து அலுத்த கம்பி ஒருநாள் முறியும், அல்லது ஸ்குரூ எலும்பில் பிடி தளரும். ஆகவே எலும்பு கூடுவதற்கும் உலோகம் அலுப்பதற்கும் நடுவே ஒரு பந்தயம் நடக்கிறது. படங்கள் எடுப்பது அந்தப் பந்தயத்தில் யார் முந்துகிறார் என்று பார்க்கத்தான்.

பந்தயம் மெதுவானது. எலும்பு கூட ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்பது பொதுக்கணக்கு. சிலருக்கு இரண்டு வருடம் வரைகூட இழுக்கும். அதனால் அறுவை முடிந்து ஆறாவது வாரம் எடுக்கும் எக்ஸ்ரேயில் ‘எலும்பு சேர்ந்துவிட்டதா’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. அந்தப் படம் பதில் சொல்லும் கேள்விகள் வேறு. ஸ்குரூ வைத்த இடத்திலேயே இருக்கிறதா? எலும்புகளுக்கு நடுவில் வைத்த கேஜ் என்ற சிறு கூண்டு நகர்ந்திருக்கிறதா? முதுகின் வளைவு நின்றபடி எடுத்த படத்தில் எப்படியிருக்கிறது? ஆறாவது வார ரிப்போர்ட்டில் ‘இன்னும் இணைவு தெரியவில்லை’ என்று இருப்பதைப் பார்த்துக் கலங்குவது, விதைத்த வாரமே கதிரைத் தேடுவது. அந்தப் படத்தின் உண்மையான மதிப்பு பின்னால்தான் தெரியும்: ஆறாம் மாதப் படத்தையும் பன்னிரண்டாம் மாதப் படத்தையும் ஒப்பிட அதுவே அடிப்படை. அது கைவசம் இல்லையென்றால், ‘கேஜ் சற்று இறங்கியிருக்கிறது’ என்று பின்னாளில் எழுதும் ரேடியாலஜிஸ்டுக்கு எப்போது இறங்கியது என்று சொல்ல வழியில்லை. முதல் மாதத்தில் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்ட கேஜும், எட்டாம் மாதத்தில் இறங்கிக்கொண்டேயிருக்கும் கேஜும் ஒரே படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். நிலைமையோ முற்றிலும் வேறு.

பக்கவாட்டில் எடுத்த ஓர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடுப்புப் பகுதியில், நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்குள் வெள்ளை வெளேரென்று நான்கு ஸ்குரூ; பக்கவாட்டுப் பார்வையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரண்டுபோலத் தெரியும். அவற்றை இணைத்தபடி பின்புறத்தில் கம்பி. எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று சின்ன வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைக் கண்டு ‘உள்ளே ஏதோ உடைந்து கிடக்கிறது’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பீக் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த கேஜ் எக்ஸ்ரேயில் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காகவே அதில் டாண்டலம் என்ற உலோகத்தைப் புள்ளியாகப் பதித்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது ஸ்குரூவைச் சுற்றியிருக்கும் நிழல். ஸ்குரூவுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய கறுப்பு வளையம் விழுந்திருந்தால், அதிலும் ஒரு படத்தைவிட அடுத்த படத்தில் அது அகன்றிருந்தால், ஸ்குரூ பிடி தளர்கிறது என்று பொருள். ரிப்போர்ட்டில் ‘லூசன்சி’ என்று வருவது இதைத்தான். அதற்கு எதிரான நல்ல அறிகுறி, கேஜுக்குள்ளும் சுற்றிலும் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் தொட்டுக்கொண்டு ஓடும் எலும்புப் பாலம். சந்தேகம் இருந்தால் முன்னால் குனிந்தபடி ஒன்று, பின்னால் சாய்ந்தபடி ஒன்று என இரண்டு படம் எடுப்பார்கள். அறுவை செய்த மட்டத்தில் அசைவு 5 டிகிரிக்குக் குறைவாகவும், நகர்வு 3 மில்லிமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் இணைந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் அளவு.

‘இயந்திரம் எடுத்த படம் பொய் சொல்லுமா?’ என்று கேட்கலாம். படம் பொய் சொல்வதில்லை. அது பாதிதான் சொல்கிறது, மீதியைப் பார்ப்பவர் நிரப்பிக்கொள்கிறார். 1993-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. இணைப்பு அறுவை செய்து, பிறகு மறுபடியும் முதுகைத் திறக்க நேர்ந்த நோயாளிகளின் எக்ஸ்ரேக்களை அனுபவசாலிகளிடம் படிக்கக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தபோது கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போனது 69 சதவீதம்தான். பத்துக்கு மூன்று முறை எக்ஸ்ரே ஒன்று சொல்ல, உள்ளே இருந்தது வேறொன்று. மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் இன்றைய சி.டி. ஸ்கேன் இதைவிட வெகு தெளிவு. எலும்பு கூடியதா என்ற கேள்விக்கு, முதுகைத் திறந்து பார்ப்பதற்கு அடுத்தபடியாக மருத்துவர்கள் நம்புவது அதைத்தான். ஆனாலும் உலோகத்தின் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் ஓடி, சரியாகப் பார்க்க வேண்டிய இடத்தையே மறைப்பதுண்டு. தவிர, இடுப்புப் பகுதிக்கு ஒருமுறை சி.டி. எடுத்தால், இரண்டு வருடத்தில் இயற்கையாக நம் மேல் படுகிற கதிர்வீச்சுக்குக் குறையாத அளவு உடம்பில் சேர்கிறது. மாதாமாதம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கில்லை. சந்தேகம் இருக்கும்போது, உரிய காலத்தில், பழைய படத்தோடு ஒப்பிடுவதற்காக எடுக்கும் சி.டி.க்குத்தான் பயன் அதிகம்.

எம்.ஆர்.ஐ.யைப் பொறுத்தவரை குழப்பம் வேறு வகை. ‘உள்ளே ஸ்குரூ இருக்கிறதே, காந்தம் இழுத்துவிடாதா?’ என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இப்போது முதுகில் வைப்பது பெரும்பாலும் டைட்டானியம். காந்தம் அதை இழுக்காது. ஆனாலும் என்ன வைத்திருக்கிறது என்று ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டினால் இன்னும் நல்லது. உலோகம் இருக்கும் இடத்தில் படம் கலங்கும். ரிப்போர்ட்டில் ‘ஆர்ட்டிபேக்ட்’ என்று வருவது நோயல்ல, அந்தக் கலங்கல். எம்.ஆர்.ஐ.யின் பலம் நரம்பையும் டிஸ்க்கையும் காட்டுவது. எலும்பு கூடியதா என்று கேட்டால் அது தயங்கும். அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் எடுத்தால் உள்வீக்கமும் நீரும் சேர்ந்து, ஆறிக்கொண்டிருக்கும் புண்ணையே புதிய நோய்போலக் காட்டிவிடும். சில மாதங்கள் கழித்து நரம்பைச் சுற்றித் தழும்புத் திசு தெரியும். அது வெறும் தழும்பா, மறுபடி பிதுங்கிய டிஸ்க்கா என்று பிரித்தறிய கெடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். தழும்புக்கு ரத்த ஓட்டம் உண்டு, அதனால் மருந்தை வாங்கி ஒளிரும். டிஸ்க்குக்கு ரத்த ஓட்டம் இல்லை. மருந்து ஏறிய சற்று நேரத்துக்குள் எடுத்த படத்தில் அதன் நடுப்பகுதி இருண்டே இருக்கும். இந்த ஊசிக்கு முன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துக்கொள்வது வழக்கம்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ஆளை அதிகம் கலக்குவது, அறுவை செய்த இடத்தைப் பற்றிய வரியல்ல. அதற்கு மேல் மட்டத்தைப் பற்றிய வரி. ‘டிஸ்க் பல்ஜ்’ (புடைப்பு), ‘டிஜெனரேஷன்’ (தேய்மானம்) என்று அங்கே எழுதியிருக்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெட்டுவிட்டதோ என்று தோன்றும். 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் பல்ஜ் இருந்தது. எல்லா மட்டத்திலும் டிஸ்க் சுத்தமாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். வலியில்லாதவர்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, டிஸ்க் தேய்மானம் இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதில் 96 சதவீதம் பேருக்கும் தெரிகிறது என்கிறது. தலை நரைப்பதுபோல முதுகுக்கும் வயதாகிறது. ஆனால் எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடவும் முடியாது. ஒரு மட்டம் அசையாமல் போனால் பக்கத்து மட்டத்துக்குச் சுமை கூடும் என்பதற்கும் சான்று உண்டு: இடுப்பில் இணைப்பு அறுவை செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்த, 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, பக்கத்து மட்டத்துக்கு மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பை ஐந்து ஆண்டில் 16.5 சதவீதம், பத்து ஆண்டில் 36.1 சதவீதம் என்று கணக்கிட்டது. ஆகவே மேல் மட்டத்தில் எழுதியிருக்கும் ‘பல்ஜ்’ புதிதா பழையதா என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடியது அறுவைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. மட்டுமே.

படத்துக்கும் வலிக்கும் இவ்வளவு இடைவெளி என்றால் படமே எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் வேண்டும். அந்தப் பதில் இரண்டு கட்டமாக வந்தது. எலும்பு முன்னால் நழுவி நரம்பை அழுத்தும் நோயாளிகளை வைத்து, 1997-இல் ஓர் ஆய்வு வெளியானது. நரம்பின் அழுத்தத்தை எடுத்துவிட்டு ஒரு பாதிக்கு எலும்புத் துகளோடு ஸ்குரூவும் போட்டார்கள், மறுபாதிக்குத் துகள் மட்டும் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், ஸ்குரூ போட்டவர்களில் 82 சதவீதம் பேருக்கு எலும்பு கூடியிருந்தது. போடாதவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் நோயாளியின் நலத்தைக் கேட்டால் கணக்கு மாறியது: நல்ல பலன் கிடைத்தவர்கள் முதல் குழுவில் 76 சதவீதம், இரண்டாம் குழுவில் 85 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். எலும்பு கூடினாலும் கூடாவிட்டாலும் ஒன்றே என்று பலர் அப்போது முடிவுகட்டியிருக்கலாம். ஆனால் ஸ்குரூ இல்லாமல் அறுவை செய்தவர்களை அதே மருத்துவர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். சராசரியாக ஏழு வருடம் எட்டு மாதம் கழிந்த பிறகு, 2004-இல் வெளியான முடிவில், எலும்பு உறுதியாகக் கூடியவர்களில் 86 சதவீதம் பேர் நன்றாக இருந்தார்கள். கூடாதவர்களில் 56 சதவீதம் பேர்தான். இரண்டாம் வருடத்தில் பேசாத படம் எட்டாம் வருடத்தில் பேசியது. படம் பயனற்றது என்பதல்ல இதன் பாடம். இன்றைய வலியைவிட நாளைய நிலையைப் பற்றித்தான் படத்துக்கு அதிகம் தெரியும். அதையும் வரிசையாகப் பார்ப்பவருக்குத்தான் சொல்லும்.

இந்தப் பாடத்துக்கு அமெரிக்காவரை போக வேண்டியதுகூட இல்லை. 1970-களில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் முதுகெலும்புக் காசநோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து ஆராய்ந்தது. ஒரு குழுவுக்கு அழுகிய பகுதியை எடுத்து எலும்பு வைக்கும் பெரிய அறுவையோடு ஆறு மாத மாத்திரை. மற்ற இரண்டு குழுக்களுக்கு நடமாடவிட்டபடி ஆறு மாதமும் ஒன்பது மாதமும் மாத்திரை மட்டும். 1999-இல் வெளியான பத்தாண்டு முடிவில், நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 90 சதவீதம், மாத்திரைக் குழுக்களில் 94-ம் 99-ம் சதவீதம். மருந்து மட்டுமே போதுமான நோயாளிகள் ஏராளம் என்று அதிலிருந்து தெரிந்தது. அதேசமயம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன், மருந்தால் குணமான 61 குழந்தைகளைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காசநோய் முழுக்கக் குணமாகியும், வளர வளரச் சில குழந்தைகளுக்குக் கூன் கூடிக்கொண்டே போனது. சிலருக்குத் தானாகவே குறைந்தது. யாருக்குக் கூடும் என்பதைச் சாதாரண எக்ஸ்ரேயிலேயே முன்கூட்டிக் காட்டும் நான்கு அடையாளங்களை அவர் வகுத்தார். உலகெங்கும் மருத்துவர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். விலையுயர்ந்த ஸ்கேன் எதுவும் தரமுடியாத அந்த அறிவு, மலிவான எக்ஸ்ரேக்களைப் பதினைந்து வருடம் வரிசையாக வைத்துப் பார்த்ததால் கிடைத்தது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது ஒன்று உண்டு. ‘படத்துக்கும் வலிக்கும் தொடர்பில்லை என்று நீங்களே எழுதினால், வலி என்று வருகிற நோயாளியிடம், படத்தில் ஒன்றுமில்லை, போய்ட்டு வாங்க என்று சொல்ல மருத்துவருக்கு வசதியாகிவிடாதா?’ நியாயமான பயம். ஆனால் வாதம் எதிர்த்திசையில்தான் போகிறது. படம் மட்டுமே போதாது என்றால், ‘படம் நார்மல்’ என்பதும் விசாரணையின் முடிவாக இருக்க முடியாது. வலி எங்கே, எப்போது, எதனால் கூடுகிறது என்று கேட்டறியாமல் படிக்கும் படம் அரைகுறைதான். சில குறிகள் தென்பட்டால் அடுத்த ரிவியூ தேதி வரை காத்திருக்கவே கூடாது: அறுவைப் புண்ணில் சீழ் அல்லது நீர் வடிதல், காய்ச்சலோடு இரவில் கூடும் வலி, காலில் புதிதாக வந்த பலவீனம். ஒன்றுக்குப் போவதில் தடை வந்தாலும், கட்டுப்பாடு போனாலும், மலவாய்ப் பகுதி மரத்துப்போனாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சந்தேகப்படுவது தொற்று என்றால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்ப்பது எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு இணையாக முக்கியம். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: படம் காட்டுவதை மாற்றக்கூடியவர் நோயாளி. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், புகை பிடிக்காதவர்களில் எலும்பு கூடாமல் போனது 14.2 சதவீதம், அறுவைக்குப் பிறகும் புகையை விடாதவர்களில் அது 26.5 சதவீதம். பீடியும் புகைதான்.

படத்தைப் படிப்பது டாக்டரின் வேலை, நோயாளி எதற்கு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டும் என்று சொல்லலாம். படிப்பது மருத்துவரின் வேலைதான். ஆனால் வரிசையைச் சேர்த்துக் கொடுப்பது, மூன்று ஊர்களில் வைத்தியம் பார்க்கும் நோயாளியைத் தவிர வேறு யாராலும் முடியாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும்; நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டு எங்கே, ஸ்குரூ ஆய்வில் வித்தியாசம் வெளிப்பட்ட ஏழு வருடம் எட்டு மாதம் எங்கே! கணினியில் சேமிப்பார்கள், ஆபா என்ற சுகாதாரக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் எல்லா ஊரிலும் கிடைக்கும் என்று நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. எந்த மருத்துவமனை படத்தை ஏற்றி வைத்திருக்கிறதோ அதன் படம்தான் கிடைக்கும். அதனால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் அடங்கிய குறுந்தகட்டையோ பிலிமையோ கேட்டு வாங்க வேண்டும். அறுவைக்கு முந்தைய எம்.ஆர்.ஐ., அறுவை முடிந்ததும் எடுத்த முதல் எக்ஸ்ரே, எந்த மட்டத்தில் என்ன உலோகம் வைத்தார்கள் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் காலத்துக்கும் வேண்டியவை. புதிய ஸ்கேனுக்குப் போகும்போது பழைய படத்தையும் கொடுத்து, ஒப்பிட்டு எழுதும்படி கேட்க வேண்டும். ரிவியூவில் டாக்டரிடம், ‘ரிப்போர்ட்ல என்ன சார் இருக்கு?’ என்று கேட்பதோடு விடாமல், ‘போன தடவை படத்துக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?’ என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்குத் தாளைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு இரண்டு படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாக வேண்டும்.